பிளான்ட் ஹெட் சட்டையில் பின்ஹோல்

இருபத்தொன்பது வயதில் எனக்குப் பணி ஓய்வு விழா நடந்துவிட்டது. சால்வை போட்டார்கள், மாலை போட்டார்கள், கேன்டீனில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். "ரிட்டயர்டு ஆபீசர் ரேவதி அக்கா வாழ்க" என்று ஜூனியர் நந்தினி மேசை மேல் தட்டிக் கத்தியதில், அடுத்த லைனில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் எனக்கு நிஜமாகவே அறுபது வயதோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

உண்மையில் ஓய்வு பெற்றது நானில்லை, என் மேசை. ஒரகடத்தில் அலுமினிய பம்ப் மூடிகளை வார்த்து, கடைந்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை எங்களுடையது. அங்கே தரப்பிரிவில் நான் பார்த்த வேலை போட்டோ எடுப்பது. ஒவ்வொரு லாட், அதாவது தொகுதி, கிளம்பும் முன்பும் அதன் பாகங்களைப் படமெடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். இப்போது கன்வேயருக்கு மேலேயே தானியங்கிக் கேமராவைப் பொருத்திவிட்டார்கள். பாகம் நகர நகர அதுவே படமெடுத்து, அதுவே நல்லது கெட்டது சொல்லிவிடுகிறது. போட்டோ மேசைக்கு இனி வேலையில்லை. எனக்கு வருத்தமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி: அந்தத் தானியங்கிக் கேமராக்களை ஊர் ஊராகப் போய்ப் பொருத்தும் நிறுவனத்தில் எனக்கு இன்ஜினியர் வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று படித்த பட்டம் வீணாகவில்லை. அடுத்த வாரம் சேர்கிறேன். நினைத்தாலே கால் தரையில் நிற்கவில்லை.

விழா முடிந்ததும் ஞானசேகரன் சார், தரப்பிரிவின் தலைவர், இரண்டு கேமராக்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒன்று பழைய டிஎஸ்எல்ஆர், ஒரு செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரியது, பட்டையெல்லாம் வியர்வை உப்பு. இன்னொன்று சட்டைப் பையில் அடங்கும் சின்ன வெள்ளி நிறக் கேமரா.

"ரெண்டும் ஸ்கிராப் லிஸ்ட்ல போகுது. கம்பெனி பர்மிஷன் வாங்கிட்டேன். ஒண்ண நீ எடுத்துக்கோ. ஒண்ணுதான்" என்றார்.

அவ்வளவுதான், கேசரித் தட்டுகளை வைத்துவிட்டு எல்லோரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

"யோசிக்காதக்கா. பெருச மாட்டிக்கினு போய்க்கினே இரு. கல்யாண வூட்ல நீ நின்னாலே வழி வுடுவாங்க, கெத்து" என்றாள் நந்தினி.

"தூக்கறதுக்கு ஒரு ஆள் வேணுமே அதுக்கு. சின்னது பைல போட்டா வேல முடிஞ்சிது" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள்.

"சின்னதா? அதுக்கு என் போனே பரவால்ல. அக்கா, நீயே சொல்லு, எது நல்ல கேமரா?"

இந்தக் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியாது. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் வல்லக்கோட்டைப் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அவர்களுக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதில்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்து இந்தக் கம்பெனியில் சேர்ந்த அன்று என் அடையாள அட்டையை அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா எழுதிக் கீது, படி."

"ரேவதி. குவாலிட்டி."

"குவாலிட்டின்னா?"

"பொருளு நல்லா கீதான்னு பாக்கறதும்மா."

"அதத்தான நானு வெண்டைக்காயை ஒடிச்சிப் பாக்கறேன்" என்றாள். ஆனால் அடுத்த ஒரு மாதம் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு அட்டையை வாய்விட்டுப் படிக்க வைத்தாள். கறிக்காரர்கூடக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேட்டில் போனைப் பூட்டிவிட்டு உள்ளே போகக் கற்றேன். வெர்னியர் அளவுகோல் பிடிக்கக் கற்றேன். நின்றுகொண்டே தூங்காமல் இருக்கக் கற்றேன். பாகங்களில் கட்டும் அட்டைகளில் என் கையெழுத்து நேராக இருந்ததைப் பார்த்த ஞானசேகரன் சார் "நீ போட்டோ டேபிளுக்கு வாம்மா" என்றார். உள்ளே யாரும் போன் கொண்டுபோகக்கூடாது என்பதால், தொழிற்சாலைக்குள் படமெடுக்கும் உரிமை அந்த இரண்டு கேமராக்களுக்கு மட்டும்தான். அவை என் பொறுப்பில் வந்த நாளில் நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

சாருடைய முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

பெரிய கேமராவுக்கு அவரே இரும்பு ஆங்கிளில் ஒரு ஸ்டாண்டு செய்து பச்சை பெயின்ட் அடித்திருந்தார். கேமரா மேலே இருந்து கீழே பார்த்தபடி போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். கீழே பலகையில் இரண்டு பின்கள். பம்ப் மூடியின் கடைந்த முகம் மேலே பார்க்கும்படி வைத்து, அந்தப் பின்களில் முட்டும்வரை தள்ள வேண்டும். அப்போதுதான் நூறு பாகம் எடுத்தாலும் நூறும் படத்தில் ஒரே இடத்தில் விழும். இரண்டு பக்கமும் விளக்கு, விளக்குக்கு முன்னால் டிரேசிங் பேப்பர். பேப்பர் படபடக்காமல் இருக்க மின்விசிறியை நிறுத்திவிடுவோம். மே மாதத்தில் அது ஒரு தவம். ஒளி உள்ளே வரும் துளையை இருப்பதிலேயே சின்னதாக வைப்பார். அப்போதுதான் பாகத்தின் மேடு பள்ளமெல்லாம் ஒரே தெளிவாக விழும். விரல் பட்டு ஆடக்கூடாது என்று டைமர். வலப்பக்கம் லாட் அட்டை. கீழ் ஓரத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல்.

அந்த ஸ்கேல்தான் அவருக்கு உயிர். நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் ஒரு படத்தைச் சொன்னதில்லை. படத்தைப் பார்ப்பார், குறை இருந்தால் கேட்பார், இல்லையென்றால் அடுத்ததைப் பார்ப்பார். ஸ்கேல் இல்லாத படம் கண்ணில் பட்டால் மட்டும் குரல் ஒரு கட்டை ஏறும்: "ஸ்கேல் எங்கம்மா? அளவு இல்லாத படம் வெறும் பொம்ம." ஒருமுறை பிறந்த பேத்தியின் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். லைன் பெண் ஒருத்தி வாய் சும்மா இருக்காமல் "ஸ்கேல் எங்க சார்?" என்று கேட்டுவிட்டாள். சிரிக்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு படம் கொண்டுவந்தார். தொட்டிலில் குழந்தை, குழந்தைக்குப் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல்.

சின்னக் கேமராவை அவர் மதிக்கவே மாட்டார். "சோப்பு டப்பா" என்றுதான் சொல்வார். லைனில் எண்ணெய் சிந்தினால், ஸ்கிராப் தொட்டி நிறைந்தால், ஓடிப்போய் எடுக்க அதுதான். என் ஏப்ரன் பையில் நாள் முழுக்கக் கிடந்து சூடாக இருக்கும். எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம். அதில்தான் மனிதர்களைப் படமெடுப்பேன். லைன் முனையில் திறன் பலகை என்று ஒன்று உண்டு. யாருக்கு எந்த வேலை தெரியும் என்று அவரவர் போட்டோவோடு அதில் போட்டிருக்கும். புதிதாக ஒரு வேலையில் தேறியவர்களின் படம் சோப்பு டப்பாவில்தான் எடுக்கப்படும்.

இப்போது முத்துமாரி. சாத்தூர்ப் பக்கத்துப் பெண், படப்பையில் ஹாஸ்டலில் ஐந்து பேரோடு ஒரு அறை. ஒப்பந்தத் தொழிலாளியாக வந்து பிசிறு நீக்கும் வேலையில் இருந்தாள். அங்கிருந்து தேர்வெழுதி இன்ஸ்பெக்டர் ஆனாள். பாகத்தைக் கண்ணால் சோதித்து அவள் தன் முத்திரையைக் குத்தினால்தான் அது என் மேசைக்கு வரும். அந்த முத்திரையைக் கழுத்துக் கயிற்றில் தாலி மாதிரி மாட்டிக்கொண்டிருப்பாள்.

ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கிய நாள்தான் அவளுடைய முதல் சொந்த லாட். திறன் பலகைக்குப் படம் எடுக்க நிற்கச் சொன்னேன்.

"சும்மா நின்னா ஓட்டர் கார்டு கணக்கா இருக்கும்க்கா. இருங்க" என்று ஓடிப்போய், அப்போதுதான் முத்திரை குத்திய ஒரு பம்ப் மூடியை எடுத்துவந்து, முகம் வெளியே தெரிய நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். கோப்பை ஜெயித்த கபடி வீராங்கனை போல ஒரு சிரிப்பு.

"ஊர்ல எங்க அம்மா கேக்கும்க்கா, என்ன வேல பாக்கேன்னு. இதக் காட்டணும். இங்கன இருந்தா நான் இன்ஸ்பெக்டரு. அங்கிட்டுப் போனா தீப்பெட்டி ஒட்டணும்."

எடுத்தேன். அச்சடித்துப் பலகையில் குத்தினோம். அவள் பிடித்திருந்த மூடி, மற்ற மூடிகளோடு என் மேசைக்கு வந்தது. பின்களில் தள்ளி, ஸ்கேல் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, பெரிய கேமராவில் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பினோம். லாட் கன்டெய்னரில் ஏறித் துறைமுகத்துக்குப் போய்விட்டது. இரண்டு மூடிகள் மட்டும், வழக்கம்போல, சாம்பிளாக எங்கள் அலமாரியில்.

ஒரு வாரம் கழித்து மெயில் வந்தது. நாங்கள் அனுப்பிய படங்களையே பெரிதாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. பின்ஹோல். வார்ப்பில் காற்று மாட்டினால் வரும் ஊசிமுனைத் துளை. மூடும் முகத்தில் அது இருந்தால் எண்ணெய் கசியும், மூடி குப்பைக்குத்தான். எல்லா மூடியிலும் ஒரே இடத்தில் இருந்தால் அச்சிலேயே கோளாறு.

தொழிற்சாலைக்கே தலைவரான பிளான்ட் ஹெட், என் மேசை இருந்த ஆய்வகத்துக்கு வந்தார். சலவை கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கெட்ட மனிதர் இல்லை, ஆனால் காலையிலிருந்து அவருக்குப் போன் மேல் போன். சாம்பிள் மூடிகளை எடுக்கச் சொன்னார். பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தார். முகம் பளபளவென்று சுத்தமாக இருந்தது. துளையே இல்லை.

எங்களுக்கு மூச்சு வந்தது. அவருக்குக் கோபம் வந்தது.

"போட்டோல இருக்கு, பீஸ்ல இல்ல. எப்படி? அலமாரி சாவி யார்கிட்ட?"

"என்ட்ட சார்" என்றாள் முத்துமாரி.

"மெயில் வந்தது தெரிஞ்சு, கல்லு போட்டுத் தேச்சு ஓட்டைய அழிச்சிருக்க."

"கல்லத் தொடவே இல்ல சார். எங்க அம்மா மேல சத்தியமா."

"பின்ன கேமரா பொய் சொல்லுதா? ஒரு படம்னா சரி, அத்தனை படமும் பொய் சொல்லுமா?" அவள் பக்கம் கையை நீட்டினார். "ஸ்டாம்ப வச்சிட்டுப் போ. திங்கக்கிழமைலருந்து வர வேணாம்னு கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிடறேன்."

 ஞானசேகரன் சார் கண் படங்களிலேயே இருந்தது. ஸ்கேல் இருக்கிறது, அட்டை இருக்கிறது, எல்லாம் ஒரே இடம். அவருடைய முறைப்படி அவை குற்றமில்லாத படங்கள். அவற்றில் துளை இருந்தது. தன் முறையை நம்பும் மனிதர் அதற்கு மேல் என்ன பேசுவார்? அச்சுகளைப் பராமரிக்கும் டூல் ரூமுக்கும் செய்தி போய்விட்டது: அச்சைக் கழற்றுங்கள், கன்டெய்னரைத் திருப்பச் சொல்கிறோம்.

முத்துமாரி கழுத்திலிருந்து முத்திரையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அழவில்லை. லைனுக்குப் போய்த் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். நான் பின்னாலேயே போனேன். 

திறன் பலகை முன்னால் நின்றவள், குண்டூசியைப் பிடுங்கித் தன் போட்டோவை எடுத்தாள்.

"இதையாச்சும் கொண்டுக்கிட்டுப் போறேன்க்கா. கம்பெனிச் சொத்துன்னு புடுங்கிர மாட்டாகளே?"

"இல்லடி, எடுத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே அதைப் பார்த்தேன். சிரிப்பைப் பார்த்தேன். சிரிப்புக்குக் கீழே இருந்ததைப் பார்த்தேன். பம்ப் மூடி. கடைந்த முகம். காது போல நீண்ட அதன் ஓரத்தில் வரிசை எண் குத்தியிருந்தது.

"ஏ மாரி. இந்த மூடி அந்த லாட்டுதானே?"

"மொத லாட்டுதான. நீங்கதான எடுத்தீக."

நான் ஓடினேன். ஷாப் ஃப்ளோரில் ஓடக்கூடாது என்று தரையில் மஞ்சளில் எழுதியிருக்கிறது. அதன் மேலேயே ஓடினேன்.

ஏப்ரனிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டி அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன். வரிசை எண் படிக்க முடிந்தது. அதே எண்ணைப் பெரிய கேமராப் படங்களில் தேடினேன். கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே மூடி, அதே நாள், அலமாரிக்கும் சாவிக்கும் முன்னால். பெரிய கேமராவில் புள்ளி. சின்னதில் இல்லை. 

"சார்! இங்க வாங்க சார்!"

வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஸ்கேல் இல்லையேம்மா."

"ஸ்கேல் இல்ல சார். நம்பர் இருக்கு."

"வெளிச்சம் சரியில்ல. சாய்ச்சுப் புடிச்சிருக்கா. சோப்பு டப்பா படம் வேற. இத வச்சு நான் அங்க பேச முடியாது."

"அங்க பேச வேணாம் சார். எனக்குச் சொல்லுங்க. ஓட்டை மூடில இருந்தா ரெண்டுலயும் இருக்கணும்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்றதும் எனக்குப் புரிந்துவிட்டது, மனிதர் வேலையில் இறங்கிவிட்டார்.

"சாம்பிள் ஒண்ணக் கொண்டா. பின்ல தள்ளாத. பாதி சுத்து திருப்பி வை."

அவர் முறைக்கே விரோதம் அது. வைத்தேன். டைமர் ஓடி, படம் விழுந்தது. துளை மூடியில் இருந்தால் மூடியோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும். மூடி திரும்பியிருந்தது. புள்ளி திரும்பவில்லை. படத்தில் பழைய இடத்திலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"மூடிய எடு. வெள்ளப் பேப்பர் வை."

பேப்பரிலும் புள்ளி.

"சார், பேப்பர்ல பின்ஹோல்!" என்று நான் கத்தியே விட்டேன்.

சார் ஸ்பானரை எடுத்து, போல்ட்டைக் கழற்றி, கேமராவை ஸ்டாண்டிலிருந்து விடுவித்துக் கையில் எடுத்தார். கீழேயே பார்த்துப் பழகிய அது தலை நிமிர்ந்தது. சுவரை எடுத்தார், புள்ளி. கேன்டீனிலிருந்து யாரோ கொண்டுவந்து வைத்திருந்த இட்லியை எடுத்தார், இட்லியிலும் புள்ளி. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு பிளான்ட் ஹெட் வந்தார்.

"என்ன ஞானசேகரன், டூல் ரூம்ல உங்களுக்கு வெயிட் பண்றாங்க, நீங்க இட்லிய போட்டோ எடுத்துட்டிருக்கீங்க?"

"சார், ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க. ஆடாதீங்க" என்றார் சார், கேமராவை அவர் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி.

பளிச். திரையில் வெள்ளைச் சட்டை, இரண்டு பேனா, ஒரு பொத்தான். பொத்தானுக்குப் பக்கத்தில் கறுப்பாக, வட்டமாக, வாடிக்கையாளர் சிவப்பு வட்டம் போட்ட அதே உயரத்தில், பின்ஹோல்.

பிளான்ட் ஹெட் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி சட்டையைப் பார்த்தார். வாசலில் தண்ணீர் பாட்டிலும் போட்டோவுமாக முத்துமாரி நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது, வாய் மட்டும் அடங்கவில்லை.

"கல்லு போட்டுத் தேச்சிரவா சார்?"

 முதலில் சிரித்தவர் பிளான்ட் ஹெட்தான். தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு மேசையிலிருந்த முத்திரையை எடுத்து, கயிற்றில் சிக்கியிருந்த முடிச்சைத் தானே அவிழ்த்து, அவளிடம் நீட்டினார். "சாரிம்மா. தப்பாப் பேசிட்டேன்." அவ்வளவு பேர் முன்னால் சொன்னார், அதை நான் மறக்க மாட்டேன்.

ஞானசேகரன் சார் இதற்குள் லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாயைத் திறந்து விளக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விபூதி" என்றார்.

எங்களுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜை. தரப்பிரிவின் பூஜையை சார்தான் செய்வார். அதிலும் அவர் முறை உண்டு. கருவிகளை மொத்தமாகக் குவித்துப் பொட்டு வைப்பது அவருக்குப் பிடிக்காது. வெர்னியர் தனி, மைக்ரோமீட்டர் தனி. அந்த வருடம் கேமராவையும் பிரித்தார்: உடல் தனி, லென்ஸ் தனி, பேட்டரி தனி, லென்ஸ் மூடி தனி. ஒவ்வொன்றுக்கும் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை தொடக்கூடாது. ஆகவே திறந்த வாயோடு அந்தக் கேமரா, விபூதித் தட்டுக்கும் பொரிக்கும் பக்கத்தில், மின்விசிறிக் காற்றில், யாரும் தொடாமல் பக்தியாகக் கிடந்தது. ஒரு துகள் உள்ளே போய், படம் விழும் இடத்தில் ஒட்டிக்கொண்டது. வெளியே வெள்ளை விபூதி. உள்ளே வெளிச்சத்தை மறைப்பதால் படத்தில் கறுப்பு. சாதாரணமாக எடுத்தால் மங்கி மறைந்திருக்கும். சார் ஒளித்துளையைச் சின்னதாக வைத்ததால் ஊசிமுனை போல விழுந்தது. அவர் பின்கள் எல்லா மூடியையும் ஒரே இடத்தில் நிறுத்தியதால், அந்தப் புள்ளியும் எல்லா மூடியிலும் ஒரே இடத்தில் விழுந்தது. முறை சரியாக இருந்ததால்தான் பொய் அவ்வளவு நம்பும்படி இருந்தது.

வாடிக்கையாளருக்கு அனுப்பிய விளக்கத்தில் காரணம் என்ற இடத்தில் சார் தன் பெயரையே எழுதினார். 'கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றித் திறந்து வைத்தவர்: ஞானசேகரன்.' வேண்டாம் சார், துறை என்று போடுங்கள் என்றேன். "குத்தம்னு முத்துமாரி பேரு மட்டும் வரலாமா?" என்றார். என்ன தூசி என்று அவர்கள் கேட்டதற்கு 'நுண்ணிய சாம்பல், உலோகம் கலக்காதது' என்று பதில் போட்டார். திருப்பி வைத்த மூடியின் படத்தையும் வெள்ளைப் பேப்பர் படத்தையும் பார்த்து அவர்கள் சமாதானமானார்கள். கன்டெய்னர் திரும்பவில்லை. அச்சில் யாரும் கை வைக்கவில்லை. அன்றிலிருந்து எந்த லாட்டுக்கும் முதல் படம் வெள்ளைப் பேப்பர்தான். அடுத்த ஆயுத பூஜையில் பெரிய கேமரா மூடியது மூடியபடி மாலை போட்டுக்கொண்டது. அதன் பக்கத்தில், சார் கையாலேயே, சோப்பு டப்பாவுக்கும் ஒரு பொட்டு விழுந்தது.

இவ்வளவும் கேட்டுவிட்டு நந்தினி, "அப்ப சின்னதுதான் நல்ல கேமரான்னு சொல்லு" என்றாள்.

இல்லை. வேலைக்கு என்று கேட்டால் நான் பெரியதைத்தான் சொல்வேன். அந்த விஷயம் முடிந்த பிறகு நிஜமான பின்ஹோல்களை எத்தனையோ முறை அதுதான் காட்டிக்கொடுத்தது. சோப்பு டப்பாவுக்கு அந்தக் கண் கிடையாது. பெரியதைத் திறக்க முடியும் என்பதால்தான் தூசி போனது, திறக்க முடியும் என்பதால்தான் ஊதியும் எடுத்தோம். சோப்பு டப்பாவின் லென்ஸுக்குள் போன வருடம் ஒரு தூசி போயிருக்கிறது. இடது மேல் மூலையில் இருக்கும். அதை இனி யாராலும் எடுக்க முடியாது. வாங்கப் போகிறவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்: கழற்ற முடிந்ததை ஒழுங்காக மூடி வைக்கத் தெரிய வேண்டும், கழற்ற முடியாததில் வந்த குறையோடு வாழத் தெரிய வேண்டும்.

ஆனால் சார் என்னைக் கேட்டது வேலைக்கு இல்லை. எனக்கு எது என்று கேட்டார்.

பெரிய கேமராவில் எடுத்த அத்தனை படங்களிலும் அந்த ஒரு வெள்ளைச் சட்டையைத் தவிர ஒரு மனிதர் இல்லை. சின்னதில் எங்கள் லைன் முழுக்க இருக்கிறது. முதல் முத்திரை வாங்கியவர்கள், கல்யாணத்துக்கு முந்தைய நாள் கையில் மருதாணியோடு வேலைக்கு வந்தவர்கள், பம்ப் மூடியைக் கோப்பை மாதிரிப் பிடித்தவர்கள். நான் வெள்ளி நிறக் கேமராவை எடுத்து ஏப்ரன் பையில் போட்டேன். அதன் இடம் அதுதான்.

"போச்சு" என்று நந்தினி தலையில் கை வைத்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை என் பையிலிருந்து அதை உருவியது. முத்துமாரி. இப்போது அவள் லைன் லீடர், நீலத் தொப்பி. நிரந்தரமாகி வெகுநாளாகிறது.

"எக்கா, இம்புட்டு வருசத்துல இதுல ஒங்க படம் ஒண்ணாச்சும் இருக்கா?"

யோசித்தேன். இல்லை. கேமராவைப் பிடித்தவள் நான்.

கையைப் பிடித்து லைனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். திறன் பலகை முன்னால் நிறுத்தினாள். கன்வேயரிலிருந்து ஒரு பம்ப் மூடியை எடுத்து என் கையில் திணித்தாள். "நெஞ்சுக்கு நேரா. முகம் வெளிய தெரியணும். சிரிங்க. ஓட்டர் கார்டு கணக்கா நிக்காதீக." சால்வை நழுவியது, சரிசெய்தேன். ஷிப்ட் மாறும் நேரம், இரண்டு ஷிப்டு ஆட்களும் சுற்றி நின்று கத்தினார்கள்.

"இருங்க, இருங்க!"

ஆய்வகக் கதவிலிருந்து ஞானசேகரன் சார் வந்துகொண்டிருந்தார். ஓடவில்லை, மஞ்சள் எழுத்தை மதிப்பவர், ஆனால் ஓட்டத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கையில் ஸ்டீல் ஸ்கேல்.

"ஸ்கேல் எங்கம்மா?" என்று கேட்டு, அதை என் தோளுக்குப் பக்கத்தில் நேராக நிறுத்திப் பிடித்துக்கொண்டார். முத்துமாரி அழுத்தினாள்.

அன்று மாலை படத்தை அச்சடித்து அம்மாவிடம் காட்டினேன். அடையாள அட்டையைப் பார்த்தது போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடது மூலைத் தூசியை விரலால் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. பிறகு என் தோள் பக்கத்தில் பளபளக்கும் ஸ்கேலில் விரலை வைத்தாள்.

"இது இன்னாத்துக்குடி பக்கத்துல?"

"உம் பொண்ணு எம்மாம் பெரிய ஆளுன்னு தெரியணும்ல, அதுக்கும்மா."